கீரை ராட்டினமும் ஒண்ணரை அடி இடமும்

ஒரு ஊர்ல ஒரு சமையக்கட்டு இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, காடு இல்ல. சமையக்கட்டு மட்டும்தான். புலி எப்ப வரும்னு கேக்காத. இந்தக் கதைல புலி வராது. பரிமளம் வருவா, அது போதும். போர்வையை இழுத்து மூடிக்கோ. ம் சொல்லிட்டே வா. ம் நின்னா கதையும் நிக்கும்.

"ம்."

அந்தச் சமையக்கட்டு கரூர்ல ஒரு வீட்டுக்குள்ள இருந்துச்சு. அந்த வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஒண்ணாக் குடியிருந்தாங்க. அண்ணன் தட்சிணாமூர்த்தி, தம்பி ஞானமூர்த்தி. ரெண்டு பேரும் சேந்து பெட்ஷீட் கடை வெச்சிருந்தாங்க. கதைல அவங்களுக்குப் பெரிய வேலை இல்ல, வந்தா சாப்பிடுவாங்க, போயிடுவாங்க. அண்ணன் பொண்டாட்டி பரிமளம். தம்பி பொண்டாட்டி கலைமதி. இந்த ரெண்டு பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ.

பரிமளம் அந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். கான்வென்ட்ல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்திருக்க வேண்டியவ, எப்படியோ கல்யாணம் ஆயிடுச்சு. அதனால சமையக்கட்டை நடத்தினா. அடுப்பு அவளோடது. அடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற மேடை அவளோடது, அந்தப் பக்கம் இருக்கிற மேடையும் அவளோடது. மேல ஷெல்ஃப்ல அஞ்சு தட்டு, அஞ்சும் அவளோடது. எந்தச் சம்படத்தைத் திருப்பிப் பாத்தாலும் அடியில அவ பேர் வெட்டியிருக்கும். கரண்டிக் காம்புல பேர் வெட்டி வெச்ச பொம்பளையை நீ பாத்திருக்கியா? நான் சொல்றேன், கேட்டுக்கோ.

கலைமதி வந்து பதினோரு வருஷம். நறுக்குறது, அரைக்கிறது, தேய்க்கிறது, தொடைக்கிறது, இதுல பாதிக்கு மேல கலைமதிதான். வேலைல பாதி அவளோடது. இடத்துல ஒரு சாண்கூடக் கிடையாது. அவ அம்மா வீட்டுல குடுத்த சீர்ப் பாத்திரம் எல்லாம் சாக்குக்குள்ள, சாக்கு பரண்மேல.

எப்பவாவது கேப்பா. "அக்கா, இந்த டப்பாவை இங்க வெக்கட்டுமா?"

"அங்கயா? இடிக்கும்."

அப்புறம் ஒரு நாள், "இந்தச் சின்னக் கூடையை இந்த மூலைல?"

"இடிக்கும்மா."

பதினோரு வருஷமா எல்லாமே இடிச்சுது.

"யாரை இடிச்சுது?"

நல்ல கேள்வி. அதைக் கலைமதி கேட்டதில்ல. நீ ம் மட்டும் சொல்லு.

அப்போ என்னாச்சுன்னா, மேடைமேல ஒரு பழைய கிரைண்டர் இருந்துச்சு. ஒரு நாள் காலைல 'கர்ர்ர்... கட்'டுன்னு நின்னுடுச்சு. ரிப்பேர்காரன் வந்து பாத்தான், தட்டினான், காதை வெச்சுக் கேட்டான், "இதுக்கு மேல இது அரைக்காதும்மா"ன்னுட்டான். புதுசா ஒரு கிரைண்டர் வாங்கித் தரையில வெச்சாங்க. அப்போ மேடைமேல, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவுல, ஒண்ணரை அடி இடம் காலியாச்சு.

சமையக்கட்டுல காலி இடம்னா சும்மா இல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல காலி மனை மாதிரி. கலைமதி காலைல எழுந்ததும் முதல்ல அதைப் போய்ப் பாத்துட்டு வருவா. இருக்கு. இன்னும் இருக்கு. பரிமளம் திங்கக்கிழமை அங்க வெங்காயக் கூடையை வெச்சுப் பாத்தா, பிடிக்கல. செவ்வாக்கிழமை அரிவாள்மணையை வெச்சுப் பாத்தா, பிடிக்கல. காலியா ஒரு இடத்தைப் பாத்தா பரிமளத்துக்குக் கை சும்மா இருக்காது. வாரத்துக்குள்ள எதையாவது வெச்சு மூடிடுவான்னு கலைமதிக்குத் தெரியும்.

அந்த ஒண்ணரை அடி எனக்கு வேணும்னு கலைமதி நெனச்சா. வீடு வேணும்னு நெனைக்கல, நகை வேணும்னு நெனைக்கல. ஒண்ணரை அடி. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"ம்."

ஆனா எப்படிப் பிடிக்கிறது? சின்னச் சாமானா வெச்சா பரிமளம் தூக்கி ஒரு பெரிய சாமானுக்குள்ள போட்டுடுவா. தட்டையா இருந்தா சுவத்துல சாத்திடுவா. காம்பு இருந்தா ஆணியில மாட்டிடுவா. அப்போ எதுக்குள்ளயும் போகாத, எதுமேலயும் அடுக்க முடியாத, எதுலயும் தொங்காத ஒரு சாமான் வேணும். அப்படி ஒண்ணு உலகத்துல இருக்கா?

இருந்துச்சு. சனிக்கிழமை ஸ்கூல் மைதானத்துல பொருட்காட்சி போட்டிருந்தாங்க. அங்க ஒருத்தன் கழுத்துல மைக்கை மாட்டிக்கிட்டு, "பாருங்க மேடம், பாருங்க, இலை வேற தண்ணி வேற"ன்னு கத்திட்டிருந்தான். அவன் முன்னாடி ஒரு பெரிய பிளாஸ்டிக் குண்டான். குண்டானுக்குள்ள ஓட்டை ஓட்டையா ஒரு கூடை. மேல மூடி, மூடிமேல ஒரு கைப்பிடி. லெட்டூஸ் இலையைக் கழுவி உள்ள போட்டு, மூடி, கைப்பிடியைச் சுத்தினான். விர்ர்ர்ர்ர்ர். கூடை சுத்துது, இலை சுத்துது, தண்ணி எல்லாம் ஓட்டை வழியாத் தெறிச்சுக் குண்டான்ல விழுது. தொறந்து காட்டினான். இலை காஞ்சு போய், அப்பதான் பொறந்த மாதிரி உக்காந்திருக்கு. இதுக்கு சாலட் ஸ்பின்னர்னு பேர்.

"லெட்டூஸ்னா?"

முட்டைக்கோஸுக்கு ஒல்லியா ஒரு தங்கச்சி. ருசின்னு ஒண்ணும் கிடையாது. பச்சையாத் திம்பாங்க. பச்சையாத் திங்கும்போது இலைல தண்ணி நின்னா, மேல ஊத்துற எண்ணெய், எலுமிச்சம் சாறு எதுவும் ஒட்டாது, வழுக்கிக் கீழ போயிடும். அதனால அதைத் திங்கிறவங்க உலர்த்துறாங்க. அவங்களுக்கு அது நியாயம். கலைமதி வீட்டுல பச்சையா உள்ள போன ஒரே இலை வெத்தலை.

கலைமதி கிட்டப் போயி கேட்டா. "இது மடங்குமா?"

"மடங்காது மேடம். ஸ்ட்ராங்."

"ஒண்ணுக்குள்ள ஒண்ணா வெக்கலாமா?"

"ஏற்கெனவே ஒண்ணுக்குள்ள ஒண்ணாத்தான் மேடம் இருக்கு. இதுக்கு மேல போகாது."

"தலைகீழா அடுக்கினா?"

"உருண்டுடும் மேடம்."

வாங்கிட்டா. இலை எப்படிக் காயுதுன்னு ஒரு வார்த்தை கேக்கல.

அப்புறம் வீட்டுக்கு வந்து, ஒரு ஈரத் துணியால அந்த ஒண்ணரை அடியைத் தொடச்சு, ஸ்பின்னரை வெச்சா. அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. பரிமளம் கோயிலுக்குப் போயிட்டு வந்தா. செருப்பைக் கழட்டினா, பூக்கூடையை வெச்சா, பாத்தா.

"என்னது இது?"

"சாலட் ஸ்பின்னர்க்கா."

"என்ன பண்ணும்?"

"கீரையை உலர்த்தும்."

"எதுக்கு?"

கலைமதி இதை யோசிச்சு வெச்சிருக்கல. "கழுவினா ஈரமாயிடுதுல்ல?"

"ஈரமாகாமக் கழுவுறவங்க யாரு இருக்கா?" பரிமளம் மூடியைத் தொறந்தா, கூடையைத் தூக்கிப் பாத்தா, ஒரு சுத்து சுத்தினா. விர்ர்ர். "கீரைக்கு ராட்டினமா? திருவிழாவுக்கா கூட்டிட்டுப் போறோம்? என் துணி என்னத்துக்கு இருக்கு?"

துணின்னா என்னன்னு சொல்லணும். பழைய வேட்டி, தொவச்சுத் தொவச்சு மல்லிப்பூ மாதிரி மெத்துன்னு ஆன வேட்டி, அதை நாலாக் கிழிச்சு வெச்சிருந்தா பரிமளம். கழுவின கீரையை அதுல போட்டு, நாலு முனையையும் சேத்துப் பிடிச்சு, கொல்லைக்குப் போயி, கையை வீசி ஒரு சுத்து. சட். இன்னொரு சுத்து. சட். மூணாவது சுத்து. சட். தண்ணி போயிடும். கரண்டு வேண்டாம், பிளாஸ்டிக் வேண்டாம், மடிச்சா உள்ளங்கைல அடங்கிடும்.

"சரி," ன்னா பரிமளம். அவ நியாயம் பேசுறவ, அதை மறக்கக் கூடாது. "மூணு தடவை பாப்போம். என் துணியும் உன் ராட்டினமும். ராட்டினம் ஜெயிச்சா அங்கயே இருக்கட்டும். தோத்தா பரண்."

பரணைப் பத்திக் கலைமதிக்கு நல்லாத் தெரியும். அங்க போன சாமான் எதுவும் இதுவரைக்கும் எறங்கி வந்ததில்ல.

"ம்."

முதல் பரீட்சை அரைக்கீரை. ஆளுக்கு மூணு கட்டு. கலைமதி ஆய்ஞ்சா, மண்ணு போக மூணு தண்ணில அலசினா, ராட்டினத்துல போட்டா. அரைக் கட்டுதான் பிடிச்சுது. அமுக்கி இன்னும் கொஞ்சம் போட்டா, கூடை ஒரு பக்கம் கனத்து, டக டக டகன்னு மேடைமேல டான்ஸ் ஆடி ஜன்னல் வரைக்கும் போயிடுச்சு. அப்புறம் எடுத்து, பாதி கொறச்சு, விர்ர்ர்ர். தண்ணியைக் கொட்டு. திரும்பப் போடு. விர்ர்ர்ர். திரும்பக் கொட்டு. ஆறு ஈடு. ஆறாவது ஈட்டுல கைப்பிடியும் சூடு, கலைமதியும் சூடு.

அப்போ பரிமளம் கொல்லைக்குப் போயி சட், சட், சட்டுன்னு சுத்திட்டு வந்துட்டா. அரை நிமிஷம். பேப்பர் படிச்சிட்டிருந்த தட்சிணாமூர்த்தி மேல ஒரு வாளி சாரல் விழுந்துச்சு. அவர் நாற்காலியை ரெண்டடி தள்ளிப் போட்டுக்கிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவருக்கு அது பழக்கம்.

அப்புறம் பரிமளம் ரெண்டு கீரையையும் கைல எடுத்துப் பாத்தா. ராட்டினத்துக் கீரை துணிக் கீரையைவிட நல்லாக் காஞ்சிருந்துச்சு, அதை அவளே சொன்னா. சொல்லிட்டு, ரெண்டையும் நறுக்கி, சட்டியில போட்டு, மேல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா.

கலைமதி சட்டியையே பாத்துட்டு நின்னா.

"என்ன பாக்குற? கீரை மசியல் தண்ணில வேகாம வெயில்லயா வேகும்? கால் மணி நேரமாத் தண்ணியை வெளியேத்தினியே, இப்போ நானே திரும்ப உள்ள விட்டுட்டேன்."

"அப்போ துணில மட்டும் எதுக்குக்கா சுத்தினீங்க?"

"நறுக்கும்போது கை வழுக்கக் கூடாதுன்னு. அதுக்கு அரை நிமிஷம் போதும். உன் கீரை கலெக்டர் ஆபீஸ் வேலைக்குப் போற மாதிரி கிளம்புது."

முதல் ஆட்டம் துணிக்கு. மசிக்கிற கீரைக்கு ராட்டினம் தண்டம். இதை எழுதி வெச்சுக்கோ, நாளைக்கு உனக்கு ஒரு சமையக்கட்டு வரும்.

"ம்ம்."

தூங்கிட்டியா? இல்லியா? சரி.

ரெண்டாவது பரீட்சை வெண்டைக்காய். இதுல விஷயம் இருக்கு. வெண்டைக்காயைக் கழுவி ஈரத்தோட நறுக்கினா கொழகொழன்னு வழியும், பொரியல் பசையாயிடும். ஒவ்வொரு காயையும் துணியால தொடைக்கணும். பரிமளம் உக்காந்து தொடச்சா. ஒரு கிலோவை, ஒவ்வொண்ணா, தலையிலேந்து நுனி வரைக்கும், குழந்தைக்கு முகம் தொடைக்கிற மாதிரி. இருபது நிமிஷம்.

கலைமதி முதல் தடவை பட்டது போதும்னு பாதிக் கூடைதான் போட்டா. தொட தொட தொடன்னு உள்ள உருண்டுச்சு. நாலு ஈடு, அஞ்சு நிமிஷம். காய் காஞ்சிருந்துச்சு, காம்புக்கு அடியில மட்டும் ஒரு சொட்டு நின்னுச்சு. அதை அவ முந்தானையால ஒத்தி எடுத்தா. பரிமளம் வந்து கூடைக்குள்ள கையை விட்டா.

"ஏழு காய்க்கு நுனி ஒடிஞ்சிருக்கு."

"பிஞ்சுக் காய்க்கா."

"மார்க்கெட்டுல நுனியை ஒடிச்சுப் பாத்தா கடைக்காரன் திட்டுவான். நீ வீட்டுக்கு வந்து ஒடிக்க மெஷின் வாங்கியிருக்கே."

ரெண்டு பேரும் தனித்தனிச் சட்டியில பொரிச்சாங்க. தட்சிணாமூர்த்தி மத்தியானம் சாப்பிட உக்காந்தார். பரிமளம் ரெண்டையும் தட்டுல வெச்சா, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அவர் ரெண்டையும் முடிச்சார்.

"எது நல்லா இருக்கு?"

"எதுன்னா?"

"ரெண்டுல எது?"

"ரெண்டா?" ன்னார் தட்சிணாமூர்த்தி.

ரெண்டாவது ஆட்டம் சமம்னு வெச்சுக்கிட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் கலைமதி மாடிலேந்து துணி எடுத்துட்டு வந்தா. கீழ பரிமளம் ஞானமூர்த்திகிட்டச் சொல்லிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. "தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை ஏணியை எடுத்து வெச்சுடு. பரணுக்கு ஒண்ணு ஏத்தணும்."

அப்புறம் கலைமதி புருஷன்கிட்டக் கேட்டா. "அக்காகிட்ட என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"என் சாமானை ஏத்துறதுக்கு நீங்க சரின்னீங்களா?"

"அட, பிளாஸ்டிக் டப்பாதானே. பரண்ல இருந்தா என்ன, மேடைல இருந்தா என்ன?"

கலைமதி மடிச்ச துணியை இன்னொரு தடவை மடிச்சா. இவர் பெட்ஷீட் கடைல கல்லாவுக்குப் பக்கத்துல இவருக்குன்னு ஒரு மேஜை இருக்கு. அதுமேல வேற யாரும் பேனாகூட வெக்கக் கூடாது. ஆனா அதைச் சொல்லி என்ன ஆகப் போகுது. அவ கீழ போயி ராட்டினத்தைத் தொடச்சு வெச்சா. ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்துச்சு.

"அப்புறம்?"

அப்புறம் மழை பிடிச்சுது. ஐப்பசி மழை. சோ சோ சோன்னு அந்தத் திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சது நிக்கவே இல்ல. தொவச்ச துணி காயல. காஞ்ச துணியும் ஈரமாச்சு. உப்பு ஜாடிக்குள்ள உப்பு அழுதுச்சு. பரிமளத்தோட வேட்டித் துணி நாலும் கொடில தொங்கி நாத்தம் எடுத்துச்சு.

அந்த வாரம் பாத்துத்தான் பரிமளம் கொத்தமல்லித் தொக்கு போடணும். அவ பொண்ணு நித்திலாவைப் புனேல கட்டிக் குடுத்திருந்தாங்க. வருஷா வருஷம் தீபாவளி முடிஞ்சதும் ரெண்டு பெரிய ஜாடித் தொக்கு சம்பந்தி வீட்டுக்குப் போகும். இந்த வருஷம் தட்சிணாமூர்த்தி வெள்ளிக்கிழமை ரயில்ல சரக்கு விஷயமாப் போறார், கையோட கொண்டு போகணும்.

தொக்குன்னா சும்மா இல்ல. கொத்தமல்லியைக் கழுவி, பொட்டு ஈரம் இல்லாமக் காய வெச்சு, வதக்கி, புளி மிளகா சேத்து அரைச்சு, நல்லெண்ணெய்ல சுருளக் கிளறணும். இலைல ஈரம் இருந்தா தொக்கு பூசணம் பூத்துடும். போன வருஷம் அதுதான் ஆச்சு. சம்பந்தியம்மா ஜாடியைக் கழுவி, நிறைய சக்கரை போட்டுத் திருப்பி அனுப்பிட்டு, போன்ல பதமாச் சொன்னாங்க, "தொக்குல கொஞ்சம் வாடை வந்துச்சு சம்பந்தி, பரவால்ல, எங்க வீட்டுல ஊறுகாய் இருக்கு"ன்னு. பரிமளம் யார்கிட்டயும் சொல்லல. ஆனா அப்போ கலைமதி பக்கத்துல பருப்பு பொறுக்கிட்டிருந்தா. பரிமளம் போனை வெச்சுட்டு ரொம்ப நேரம் அந்தச் சக்கரையைப் பாத்துட்டு உக்காந்திருந்ததையும் அவ பாத்தா.

"ம்."

புதன்கிழமை கூடை நிறைய கொத்தமல்லி வந்துச்சு. கழுவியாச்சு. வெயில் இல்ல. பரிமளம் முதல்ல கூடத்துல பேப்பரை விரிச்சுப் பரப்பினா. பேப்பர் ஊறி, மை இலைல ஒட்டிக்கிச்சு, ஒரு இலைல வரன் தேடுற விளம்பரம் பாதி தெரிஞ்சுது. அதை எடுத்து மறுபடி கழுவினா. அப்புறம் இரும்புச் சட்டியைச் சூடு பண்ணி, லேசா, ரொம்ப லேசா வாட்டினா. ஒரு கைப்பிடி இலை கருகிப் போச்சு. அப்புறம் நாத்தமடிச்ச அந்த வேட்டித் துணியை எடுத்து, கொல்லை வாசப்படில நின்னு சுத்தினா. சட். சட். சட். மூணு தடவை, நாலு தடவை, பத்து தடவை. வெளில மழை, துணியும் ஈரம், இலையும் ஈரம். எது எதை உலர்த்தும்?

பரிமளம் உள்ள வந்தா. தோள்பட்டையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டா.

"கலை."

பதினோரு வருஷத்துல அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எப்பவும் ஏம்மாதான்.

"அந்த ராட்டினத்தை எடு."

அப்போ கலைமதிக்கு நாக்கு நுனியில ஒரு பதில் வந்து நின்னுச்சு. அதுக்குத்தான் துணி இருக்கேக்கா. அவ்வளவுதான், அஞ்சு விநாடி வேலை. நானா இருந்தா சொல்லியிருப்பேன். கலைமதி சொல்லல. அவளுக்கு அந்தச் சக்கரை ஞாபகம் வந்துச்சு. எடுத்துட்டு வந்தா.

"நீங்க குண்டானைப் பிடிங்கக்கா. நகரும். கூடை பாதிக்கு மேல போடாதீங்க, ஆடும்."

பரிமளம் பிடிச்சா. கலைமதி சுத்தினா. விர்ர்ர்ர்ர்ர். நிறுத்தினா, மூடியைத் தொறந்தா, கூடையைத் தூக்கினா. குண்டான் அடியில ரெண்டு டம்ளர் தண்ணி. பரிமளம் குனிஞ்சு பாத்தா.

"இவ்வளவா இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"நான் பத்து தடவை சுத்தினேன். இவ்வளவு உள்ள இருந்துச்சா?"

அவளுக்குத் தண்ணிமேல கோபம் வந்துச்சு, இத்தனை வருஷமா ஏமாத்தினதுக்கு. "தள்ளு, நான் சுத்துறேன்"ன்னு கைப்பிடியைப் பிடுங்கிக்கிட்டா. விர்ர்ர்ர். கொட்டு. விர்ர்ர்ர். கொட்டு. ஒரே ஈட்டை ரெண்டு தடவை சுத்தினா, ரெண்டாவது தடவையும் அரை டம்ளர் வந்துச்சு. பதினேழு ஈடு. இதுதான் மூணாவது பரீட்சைன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகமே இல்ல. அப்புறம் இலையைக் கட்டில்மேல சுத்தமான போர்வைல பரப்பி, ஃபேன் போட்டு, ஒரு மணி நேரம். ராட்டினம் மட்டும் முழுசாக் காய வெக்காது, அதையும் சொல்லிடறேன். கையால தொட்டா ஒரு சில்லுப்பு இருக்கும். ஆனா சொட்டுற ஈரம் போயிட்டா மிச்சத்தை ஃபேன் பாத்துக்கும். சொட்டுற ஈரத்தை எந்த ஃபேனும் பாத்துக்காது.

இலை சரசரன்னு ஆச்சு. வதங்குச்சு, அரைஞ்சுது, எண்ணெய்ல சுருண்டுச்சு. வெள்ளிக்கிழமை ரெண்டு ஜாடி ரயில் ஏறுச்சு. ஞாயித்துக்கிழமை ஞானமூர்த்தி ஏணியை எடுத்து வெச்சான். பரணுக்கு ஏத்த எதையும் யாரும் எடுத்துத் தராததால அவனே ஒட்டடை அடிச்சுட்டுத் திரும்ப வெச்சுட்டான்.

அப்புறம் பதினஞ்சு நாள் கழிச்சுப் புனேலேந்து போன். சம்பந்தியம்மா. பரிமளம் நின்னுட்டே பேசினா. "ஆமா... அப்படியா... இன்னொரு ஜாடியா? அதுக்கென்ன, அனுப்பறேன்." போனை வெச்சுட்டு அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிட்டா. கலைமதிக்கு முதுகுதான் தெரிஞ்சுது. முதுகு சந்தோஷமா இருந்துச்சு.

"ராட்டினம் ஜெயிச்சுடுச்சா?"

இரு. அவசரப்படாத. அன்னிலேந்து பரிமளத்துக்கு ராட்டினம் இல்லாமக் கை ஓடல. புதினாவைச் சுத்தினா. கறிவேப்பிலையைச் சுத்தினா, தாளிக்கும்போது படபடன்னு மூஞ்சில தெறிக்கலைன்னு ரெண்டு நாள் அதையே பேசினா. கொத்தமல்லியைச் சுத்தி டப்பால வெச்சா, பத்து நாள் அழுகாம இருந்துச்சு. திராட்சையைச் சுத்தினா. ஒரு நாள் தட்சிணாமூர்த்தியோட கைக்குட்டையைச் சுத்தினா. அதைக் கலைமதி பாத்தா, பரிமளமும் அவ பாத்ததைப் பாத்தா, ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கல. கீரை மசியலுக்கு மட்டும் துணிதான். தட்சிணாமூர்த்திக்குச் சாரல் இல்லாமப் பேப்பர் படிக்க வரலியாம்.

அப்புறம் ஒரு நாள் காலைல கலைமதி சமையக்கட்டுக்கு வந்தா. ஒண்ணரை அடி காலியா இருந்துச்சு.

ராட்டினம் அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. பரிமளத்தோட பக்கம். அப்பளச் சம்படத்தை நகத்தி, எண்ணெய்த் தூக்கை நகத்தி, கைக்கு எட்டுற இடமாப் பாத்து வெச்சிருந்தா. பரிமளம் தேங்கா துருவிட்டிருந்தா. பக்கத்துல புளி ஜாடி தயாரா நின்னுச்சு.

"அங்கேந்து எட்டி எடுக்க முடியலம்மா, தோள் வலிக்குது. இங்க மாத்திட்டேன். அந்த எடத்துல புளி ஜாடியை வெச்சுக்கலாம்."

கலைமதிக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. ராட்டினம் தோத்திருந்தாலும் எடம் போயிருக்கும். ஜெயிச்சும் எடம் போச்சு. இது என்ன கணக்குன்னு நின்னா. வாங்கினப்ப அவ ஒண்ணை மட்டும் யோசிக்கல. ஒதவாத சாமான்னா எடத்துல கிடக்கும். ஒதவுற சாமான்னா அதுக்கு ஒரு எஜமானி வந்துடுவா. அந்த ராட்டினமும் நெஜமாப் பாத்தா வருஷத்துல முந்நூறு நாள் வேண்டாத சாமான். மழை நாள்லயும் தொக்கு போடுற நாள்லயும் அதுக்கு ஈடு இல்ல. அந்த நாள் பரிமளத்தோடது. அவளுக்குத்தான் அது வேணும்.

பரிமளம் எழுந்து புளி ஜாடியைத் தூக்கினா.

"அக்கா," ன்னா கலைமதி. "ராட்டினம் உங்களுக்கு. இந்த எடம் எனக்கு."

பரிமளம் ஜாடியோட நின்னா. "ராட்டினம் நீ வாங்கினதாச்சே."

"உங்களுக்கே குடுத்துட்டேன். திருப்பிக் கேக்க மாட்டேன். எடத்தைக் குடுங்க."

"எடத்தையா? என்ன வெக்கப் போற?"

"ஒண்ணும் வெக்கப் போறதில்ல."

"ஒண்ணும் வெக்காம எடம் எதுக்கு?"

"எனக்கு."

பரிமளம் அவளைப் பாத்தா. மேடையைப் பாத்தா. ஜாடி கனமா இருந்துச்சு, கை மாத்திக்கிட்டா. அவ அந்த வீட்டுக்கு வந்த வருஷத்துலேந்து எல்லாரும் இதை வெக்கட்டுமா, அதை வெக்கட்டுமான்னுதான் கேட்டிருக்காங்க. எதையும் வெக்காம இருக்க யாரும் எடம் கேட்டதில்ல. அதுக்கு இடிக்கும்னு சொல்ல முடியாது. எது இடிக்கும்?

"பெருக்கித் தொடைக்கிறது நீதான்," ன்னா பரிமளம்.

"நான்தான்."

"எறும்பு வந்தா நான் பொறுப்பில்ல."

"சரிக்கா."

பரிமளம் புளி ஜாடியைத் தரையில, கிரைண்டர் பக்கத்துல வெச்சா. குனிஞ்சு வெச்சுட்டு நிமிரும்போது முனகினா, ஆனா வெச்சா. அப்புறம் தேங்கா துருவ உக்காந்தா.

கலைமதி காபி கலந்தா. டம்ளரை எடுத்துட்டு வந்து அந்த ஒண்ணரை அடிக்கு நடுவுல வெச்சா. ரெண்டு முழங்கையையும் ஊணிக்கிட்டா. அந்த இடத்துல நின்னா ஜன்னல் வழியாத் தெருமுனை வரைக்கும் தெரியும்னு அவளுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. பால்காரர் போனார். எதிர் வீட்டு வாசல்ல யாரோ கோலப்பொடியைத் தட்டினாங்க. காபி ஆறிப்போற வரைக்கும் அவ எங்கயும் நகரல. குடிச்சு முடிச்சு டம்ளரைக் கழுவப் போட்டா. மேடைமேல ஒண்ணும் இல்ல.

ம் சொல்லு.

ம் இல்லியா? அப்போ சரி. சுத்துறது நின்னுச்சு, தண்ணி வடிஞ்சுது, கதை காஞ்சுது. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் படு, காலை நீட்டு. இந்தப் பாய்ல அந்தப் பாதி உன்னோடது. தூங்கு.